ஆடிக் காத்துக்கு பேஸ், மலை மழைக்கு ட்ரெபிள்

கொழிஞ்சாம்பாறையில் ஆடி மாதம் பாட்டுக் கேட்பதற்குத் தனிச் சாமர்த்தியம் வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டுக்கு வந்ததும் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒதுங்கி நின்றுகொள்கிறது. அரபிக்கடலில் கிளம்பும் காற்று அந்தச் சந்தில் புகுந்துதான் பொள்ளாச்சிப் பக்கம் போயாக வேண்டும். போகிற வழியில் எங்கள் ஓட்டு வீடு. வரப்போரப் பனைகள் இரவெல்லாம் உறுமும். கூரை இடுக்கில் காற்று நுழைந்து ஊதும். ஆடிக் காற்றில் அம்மி நகர்ந்து நான் பார்த்ததில்லை. பேஸ் காணாமல் போய்ப் பார்த்திருக்கிறேன். காற்றின் இரைச்சல் பெரும்பாலும் கீழ் ஸ்தாயி இரைச்சல். பாட்டில் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும் மிருதங்கத்தின் தொப்பியையும் பேஸ் கிட்டாரையும் அது மூடிவிடும். மிஞ்சுவது குரலும் ஜால்ராவும்தான். அப்பா சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து போய் செட்டின் இடது திருகை வலப்பக்கம் கொஞ்சம் தள்ளுவார். மிருதங்கத்துக்கு மறுபடி இரண்டு பக்கமும் கிடைத்துவிடும்.

இதற்கு நேர் எதிரான வைப்பு மூணாறில், அத்தை வீட்டில். உடுமலைப்பேட்டையில் பஸ் மாறி, சின்னாறு சோதனைச் சாவடி, மறையூர்ச் சந்தனக் காடு என்று ஏறிப் போனால் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஓர் ஓரத்து வீடு. மாமா ஃபேக்டரியில் ஃபிட்டர். கேரள அரசின் பெயர்ப் பலகை தவிர அந்தத் தோட்டத்தில் மற்றதெல்லாம் தமிழ்; கொழுந்துக் கணக்கு, சண்டை, கோயில் கொடை, தாலாட்டு எல்லாம். கூரை தகரம். ஜூன் பிறந்துவிட்டால் தகரத்தின் மேல் விழும் மழைதான் வீட்டில் முதல் சத்தம்; மனுஷர்கள் பேசுவது அதற்கப்புறம். இந்த இரைச்சல் பாலக்காட்டுக் காற்றின் ஜாதி இல்லை. சளசளவென்று மேலே நிற்கும். பாட்டின் மெட்டு கேட்கும், தாளம் கேட்கும், ச, ஸ என்று உரசிப் பிறக்கும் எழுத்துகளைத்தான் மழை தின்றுவிடும். எஸ்.பி.பி. பாடுகிறார் என்று தெரியும். என்ன பாடுகிறார் என்று தெரியாது. அத்தை ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து வலது திருகைத் தூக்குவார். சொல் திரும்பி வரும்.

இரண்டு வீட்டுச் செட்டும் ஒரே கையால் ஆனவை. கொழிஞ்சாம்பாறை முக்கில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்த அண்ணன் போட்டுக் கொடுத்தது. 4440 ஐசி வைத்த ஆம்ப்ளிஃபையர் போர்டு, ஒரு 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர், பிளைவுட் பெட்டி, முன்பக்கம் மூன்று திருகு: பேஸ், வால்யூம், ட்ரெபிள். அந்தக் காலத்தில் வசதியுள்ள வீடுகளில் பிபிஎல்-சான்யோ டூ-இன்-ஒன் இருக்கும். பிபிஎல் எங்களுக்கு வெறும் கம்பெனி இல்லை, ஊர்க்காரர். 1963ல் பாலக்காட்டில்தான் அது தொடங்கியது, டி.பி.ஜி. நம்பியார் முதலில் செய்தது பாட்டுப் பெட்டியே அல்ல, ராணுவத்துக்கான அளவு மீட்டர்கள். பிபிஎல் வாங்க முடியாத எங்களுக்கு அண்ணன் ஒரு சமாதானம் வைத்திருந்தார். "4440 ஐசியும் சான்யோதானுங்க. உள்ள பாத்தா நீங்களும் பிபிஎல் வூட்டுக்காரங்கதான்."

ஸ்பீக்கருக்குப் பெட்டி கிடையாது. மண்பானை. சந்தையில் வாங்கிய பானையின் வாயில் 6 அங்குல ஸ்பீக்கரை வானம் பார்க்க உட்கார வைத்து, சுற்றிலும் எம்-சீல் பூசி, கூடத்து மூலையில் வைத்தால் முடிந்தது. கேரள, தமிழக எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அன்றைக்கு சலூன், டீக்கடை, ஒர்க்‌ஷாப் எல்லாவற்றிலும் இதே பானைதான். சிரிப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. அடைத்து மூடிய பானை ஸ்பீக்கரின் முன்பக்க ஒலியையும் பின்பக்க ஒலியையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளாமல் பிரித்து வைக்கிறது. உருண்டை வயிறு என்பதால் பெட்டிகளைப் போலப் பக்கப் பலகை அதிர்ந்து கூட ஒரு குரல் கொடுப்பதில்லை. மூலையில் வைப்பதால் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து கீழ் ஸ்தாயியைத் தூக்கித் தரும். அந்தப் பானையிலிருந்து பேஸ் கிட்டாரின் அடித் தந்தி, அதாவது 41 ஹெர்ட்ஸ், நிச்சயம் வந்திருக்காது. அதன் இரட்டிப்பு 82 வந்திருக்கும்; மீதியைக் காது தானே கட்டிக்கொள்ளும். அடிச் சுரம் வராவிட்டாலும் அதன் மேல் அடுக்குகளைக் கேட்டே மூளை அடிச் சுரத்தை ஊகித்துவிடுகிறது என்பது ஒலியியலில் பழைய செய்தி. இளையராஜாவின் பேஸ் கிட்டார்மேல் எங்கள் தலைமுறைக்கு இருக்கும் பித்து, பாதி அவர் வாசிக்க வைத்தது, பாதி நாங்களே ஊகித்தது.

இடது திருகும் வலது திருகும் பீட்டர் பேக்ஸன்டால் என்ற இங்கிலாந்துக்காரருடைய யோசனை. 1952 அக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகையில் அவர் வெளியிட்ட சர்க்யூட் அது. அதற்கு முன் வால்வு ரேடியோக்களில் 'டோன்' என்று ஒற்றைத் திருகு உண்டு. அது மேல் ஸ்தாயியை வெட்டும், வேறொன்றும் தெரியாது. பேக்ஸன்டாலின் சர்க்யூட்டில் கீழே தனியாக ஏற்றலாம், இறக்கலாம். மேலே தனியாக ஏற்றலாம், இறக்கலாம். நடுவில் குரல் இருக்கிற இடம் பெரும்பாலும் அசையாது. இரண்டு திருகும் நட்டநடுவில் நின்றால் வந்தது வந்தபடியே போகும். ஜப்பான் செட்டுகளில் அந்த நடு இடத்தில் 'டிக்' என்று ஒரு தடுப்பு இருக்கும். எங்கள் அண்ணன் பயன்படுத்திய சாதா வால்யூம் கண்ட்ரோலில் டிக் கிடையாது. நடு எது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது, தேடியதும் இல்லை.

அம்மா மட்டும் தனக்கு ஒரு நடுவை வைத்திருந்தார். பெட்டியின் முகப்பில், பேஸ் திருகுக்கு மேலே பத்து மணிக்கும் ட்ரெபிளுக்கு மேலே ஒரு மணிக்கும், சிவப்பு நெயில் பாலிஷில் இரண்டு புள்ளி. பி. சுசீலாவுக்கும் பி. லீலாவுக்கும் அதுதான் சரி என்பது அவர் கட்சி. லீலா சித்தூர்க்காரர்; சித்தூர் எங்கள் தாலுகாத் தலைநகரம். அதனால் லீலா விஷயத்தில் அம்மா சொன்னதற்கு அப்பீல் இல்லை. அப்பா எம்.எஸ்.வி. கட்சி. எலப்புள்ளியில் 1928ல் பிறந்தவரின் பாட்டில் தபேலா குறைந்தால் ஊருக்கே அவமானம் என்று பேஸை மூன்று மணிக்குத் தள்ளுவார். நானும் தம்பியும் இரண்டையும் கடைசி வரைக்கும். வீட்டில் யார் கடைசியாகப் பாட்டுக் கேட்டார்கள் என்பது திருகைப் பார்த்தாலே தெரியும். அம்மா வந்து முணுமுணுத்தபடி புள்ளிக்குக் கொண்டுவருவார். திருப்பித் திருப்பி உள்ளே தூசி சேர்ந்து, தொட்டால் கரகரவென்று கத்தும். செட்டைத் தூக்கிக்கொண்டு முக்குக்குப் போனால் அண்ணன் மூடியைத் திறந்து ஒரு சொட்டு பெட்ரோல் விட்டு, திருகை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் நாலு தரம் ஆட்டித் தருவார். காசு வாங்க மாட்டார்.

வீட்டுக்கு வந்த ஒலிநாடாக்களும் ஒரே ஜாதியாக இல்லை. பொள்ளாச்சியில் ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. ஒரு தாளில் பாட்டுகளை எழுதி, ஒரு டிடிகே 60ஐயும் கொடுத்தால் எல்பி தட்டிலிருந்து பதிந்து தருவார்கள். அங்கே ஒரு கிராஃபிக் ஈகுவலைசர், பச்சையும் சிவப்புமாக விளக்கு குதித்துக்கொண்டிருக்கும். அதன் கம்பிகளை இரண்டு ஓரமும் உயர்த்தி, நடுவைப் பள்ளமாக்கி வைத்திருப்பார்கள். எந்தப் பாட்டானாலும் அதே பள்ளம். அது அவர்கள் தொழில் முத்திரை. எங்கே பதிந்த கேசட் என்று கேட்டவுடன் சொல்லிவிடலாம். அதைப் போட்டால் நாங்கள் ட்ரெபிளை இறக்க வேண்டும். அடுத்ததாக ஒரு தரங்கிணி கேசட்டைப் போட்டால் எல்லாவற்றையும் திரும்ப ஏற்ற வேண்டும். ஜேசுதாஸ் 1980ல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய ஸ்டுடியோ அது, பதிவு சுத்தமாக இருக்கும், மேல்பூச்சு கிடையாது. கோயம்புத்தூர் வானொலியின் மத்திய அலை வேறு மாதிரி: அலைவரிசைகளுக்கு நடுவே 9 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி என்பதால் பாட்டில் 4,500 ஹெர்ட்ஸுக்கு மேலே அதிகமாக எதுவும் வராது, ட்ரெபிளைத் தூக்கினால் கிடைப்பது இரைச்சலும் விசிலும். பதிவுகளே இப்படி ஆளுக்கொரு திசையில் போய்க்கொண்டிருந்தபோது செட்டு மட்டும் நடுநிலை வகித்து யாருக்கு என்ன பிரயோஜனம்?

இன்னும் பழைய தட்டுகளுக்குப் போனால் இது பட்டவர்த்தனம். தட்டில் வெட்டும்போது கீழ் ஸ்தாயியைக் குறைத்து மேல் ஸ்தாயியைக் கூட்டி வெட்டுவார்கள். இல்லாவிட்டால் ஊசி பள்ளத்தை விட்டுத் தாவிவிடும், உரசல் சத்தமும் பாட்டை மூடிவிடும். திரும்பப் போடும்போது அதே அளவுக்கு மாற்றிப் போட வேண்டும். எவ்வளவு என்பதில் 1950களின் நடுவில் ஆர்ஐஏஏ அளவு பொதுவாகும் வரை கம்பெனிக்கு ஒரு கணக்கு. கோட்டாயி கிராமத்துச் செம்பை வைத்தியநாத பாகவதரின் 78 ஆர்பிஎம் தட்டை இன்றைய நடுநிலை ஆம்ப்ளிஃபையரில் அப்படியே ஓட்டினால் வருவது நடுநிலைச் செம்பை ஆக மாட்டார். யாராவது திருக வேண்டும்.

மூணாறு இரவுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் உண்மையில் ஏங்குவது அதற்குத்தான். லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் ஒரு மெல்லிய சுவர். பக்கத்து வீட்டில் விடியற்காலை பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போக வேண்டியவர்கள் எட்டு மணிக்கே படுத்துவிடுவார்கள். அத்தை அதற்கப்புறம்தான் ஓய்ந்து உட்காருவார். கொடைக்கானல் எஃப்.எம். 100.5 வந்த பிறகு மலைக்கு இந்தப் பக்கமும் அது சொட்டச் சொட்டத் துல்லியமாகக் கேட்டது. வால்யூமை அணைக்கிற அளவுக்கு இறக்கி, கூடவே பேஸை முக்கால்வாசிக்குத் தூக்குவார். எனக்கு அப்போது இது வேடிக்கையாக இருக்கும். "எதுக்குங்கத்தை, சத்தமே இல்ல, பேஸ் மட்டும் எதுக்கு?" என்று கேட்டால், "இல்லாட்டி பாட்டு தூரத்துல நின்னுட்டுப் பாடற மாதிரி இருக்குது கண்ணு. இப்பத்தான் பக்கத்துல வந்து உக்காருது" என்பார்.

அத்தை சொன்னதை 1933லேயே பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் கோடு போட்டுக் காட்டியிருந்தார்கள். மனிதக் காது எல்லாச் சத்தத்தையும் ஒரே விகிதத்தில் இறக்குவதில்லை. வால்யூமைக் குறைக்கக் குறைக்க, நடு ஸ்தாயியைவிடக் கீழ் ஸ்தாயி வேகமாகத் தேய்ந்துவிடும். கச்சேரி மண்டபச் சத்தத்தில் நன்றாக இருக்கிற ஒரு பதிவை 40 டெசிபல் குறைத்து, பக்கத்து வீடு தூங்குகிற அளவில் கேட்டால், 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் மட்டும் கூடுதலாக ஏறக்குறைய 12 டெசிபல் காதுக்கு வராமல் போகிறது. பேக்ஸன்டால் சர்க்யூட்டில் பேஸ் திருகைக் கடைசி வரைக்கும் தள்ளினால் கிடைப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஜப்பான் செட்டுகளில் இதற்கென்றே 'லவுட்னஸ்' என்று ஒரு பட்டன் வைத்திருந்தார்கள். அண்ணன் செட்டில் பட்டன் இல்லை. அத்தையின் விரல் இருந்தது. மண்டபச் சத்தத்தில் நடுநிலையாக இருக்கிற ஒலி, லயத்துச் சத்தத்தில் நடுநிலை இல்லை. இந்த ஒரு விஷயத்தை இன்றைக்கு ஆடியோவுக்கு லட்சக் கணக்கில் செலவழிக்கிற நண்பர்களுக்கு என்னால் புரியவைக்க முடியவில்லை.

அப்பாவின் இரவு சனிக்கிழமை. ஒன்பதரை மணிக்கு ஆகாசவாணியின் தேசிய நிகழ்ச்சி. 1952லிருந்து நாடு முழுக்க ஒரே நேரத்தில் போன கச்சேரி. அதில் எம்.டி. ராமநாதன் என்றைக்காவது வந்துவிட்டால் எங்களுக்கு மூச்சு விடக்கூட அனுமதி இல்லை. மஞ்சப்ராவில் 1923ல் பிறந்தவர், டைகர் வரதாச்சாரியாரின் சிஷ்யர், கலாக்ஷேத்ராவில் வாத்தியார். அவரை மாதிரி அடி ஸ்ருதியில், அவரை மாதிரி அவசரமே இல்லாமல் பாடியவர்கள் குறைவு. மந்திர ஸ்தாயியில் அவர் குரல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே போய்விடும். சின்ன ரேடியோவில் அந்த இடத்தில் ஸ்பீக்கர் கைவிட்டுவிடும்; அவர் வாயை அசைக்கிறார், நாம் ஊகிக்கிறோம் என்கிற நிலைமை. பானை ஸ்பீக்கரில் பேஸை ஏற்றினால் குரல் வரும். கூடவே கரண்டின் உறுமலும் வரும். வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவு டிரான்ஸ்ஃபார்மரும் போதாத கண்டென்சரும் இருந்தால் 50ம் 100ம் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று கசியும், எம்.டி.ஆர். இருக்கிற அதே இடத்தில். அப்பா உறுமலோடுதான் கேட்டார். பேஸை இறக்கினால் இரண்டும் போகும், ஏற்றினால் இரண்டும் வரும், அவர் ஏற்றினார். அந்த உறுமல் இல்லாமல் எம்.டி.ஆரை இப்போது கேட்கிறபோது எனக்குக் கொஞ்சம் வெறுமையாக இருக்கிறது. இது என் குறை, பதிவின் குறையல்ல.

ஒலியைத் தொடவே கூடாது என்கிற நடுநிலைக் கட்சிக்கு எங்கள் ஜில்லாவே ஒரு மகா பெரியவரைக் கொடுத்திருக்கிறது. பாலக்காடு மணி ஐயர் ஒரு காலகட்டத்தில் மைக்கே வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றார். கைக்கும் காதுக்கும் நடுவில் மின்சாரம் வரக்கூடாது; வந்தால் கை சொன்னது ஒன்று, காது கேட்டது வேறொன்றாகிவிடும். தொப்பியில் அவர் கொடுக்கும் கும்கியை, அந்த வழுக்கும் அடிநாதத்தை, கூம்பு ஒலிபெருக்கி என்ன செய்யும் என்று திருவிழாவில் மைக் செட் கேட்ட யாருக்கும் தெரியும். கூம்பு சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றையும் தராது. மைக் செட்காரர் அகூஜா ஆம்ப்ளிஃபையரில் பேஸைக் கடைசி வரை திருகினாலும் தொப்பி வராது. ஆகவே மணி ஐயர் கேட்டது முழுக்க நியாயம். ஆனால் அவர் கேட்டது முழுமையாக. மண்டபம், வாத்தியம், காது, நடுவில் ஒன்றும் இல்லை. ஒரு மைக், ஒரு மிக்ஸர், ஒரு தட்டு, ஒரு ஸ்பீக்கர், ஓர் அறை என்று ஐந்து யந்திரங்களை உள்ளே விட்டுவிட்டு, ஆறாவதாக இரண்டு திருகை மட்டும் தீட்டு என்று ஒதுக்குவதற்கு அவர் பெயரை இழுக்க முடியாது.

ஒதுக்கியது எப்போது? நான் பார்த்தவரை 1970களின் இறுதியில் இங்கிலாந்தில் தொடங்கியது. அசல் ஒலிக்கு மிக அருகே என்று விளம்பரம் செய்த குவாட் கம்பெனியே 1967ல் வந்த தன் 33ல் பேஸ், ட்ரெபிள், ஃபில்டர் எல்லாம் வைத்து, வேண்டாம் என்றால் எல்லாவற்றையும் வெட்டிவிட ஒரு பட்டனும் வைத்திருந்தது. 1980களின் குவாட் 34ல் 'டில்ட்' என்று ஒரு திருகு. ஒரு பக்கம் திருப்பினால் பாட்டு முழுவதும் கொஞ்சம் வெதுவெதுப்பாகும், மறுபக்கம் திருப்பினால் வெளிச்சமாகும். எனக்குத் தெரிந்து இதைவிட நாகரிகமான திருகு வந்ததில்லை. அதே நாட்டில் நெயிம் போன்ற கம்பெனிகள் திருகே இல்லாமல் ப்ரீஆம்ப் செய்தன. ஆம்ப்ளிஃபையர் என்பது சத்தத்தைப் பெருக்கும் ஒரு நேர்க் கம்பியாக இருக்க வேண்டும், வேறு எதையும் தொடக்கூடாது என்பது அவர்கள் வேதம். காரணங்கள் இருந்தன. மலிவான திருகுகளில் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே அளவு ஏறாது. கூடுதலாக ஒரு கட்டம் என்றால் கூடுதலாகக் கொஞ்சம் இரைச்சல். கடைசி வரை திருகி ட்வீட்டரைக் கருக்கியவர்களும் நிறைய. இரண்டு திருகும் அதன் சர்க்யூட்டும் இல்லாவிட்டால் செலவு மிச்சம் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். அதை யாரும் பிரசுரத்தில் போடுவதில்லை. எப்படியோ, திருகு இருப்பது ஏழ்மைக்கும் பாமரத்தனத்துக்கும் அடையாளமாகிவிட்டது. பானை ஸ்பீக்கர்க்காரர்கள் நாங்கள் அதற்குள் நகரங்களுக்கு வந்திருந்தோம். அடையாளத்தை முதலில் மறைத்தோம்.

கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் ஃபிளாய்ட் டூல் 1980களில் செய்த சோதனைகள் இந்த விவாதத்தில் நடுநிலைக் கட்சிக்கே பெரிய பலம். திரை மறைவில் ஸ்பீக்கர்களை மாற்றி மாற்றிக் கேட்க வைத்தால், பெரும்பாலானோருக்குப் பிடிப்பது ஏற்ற இறக்கம் இல்லாமல் அளக்கப்பட்ட ஸ்பீக்கர்தான். இதை நான் முழுக்க ஒப்புக்கொள்கிறேன். என் நகரத்து ஸ்பீக்கர் எங்கள் பானையைவிட எல்லா வகையிலும் மேல். ஆனால் அதே டூல் இன்னொன்றும் சொல்கிறார்: சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே நீங்கள் கேட்பது ஸ்பீக்கரை அல்ல, அறையை, அதோடு பதிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை, அதனால் டோன் கண்ட்ரோல் வேண்டும். நண்பர்கள் அவருடைய முதல் பாதியை மனப்பாடமாகச் சொல்வார்கள்.

என் இப்போதைய வீடு பெங்களூரில். ஆம்ப்ளிஃபையரின் முகத்தில் ஒரே ஒரு குமிழ். விற்றவர் அதைத் தடவிக்காட்டி, "இதுல டோன் கண்ட்ரோலே கிடையாது சார்" என்று சிறப்பாகச் சொன்னார், வாங்கினேன். நல்ல ஒலி. வீணையின் தந்தியில் நகம் படுவது கேட்கிறது. பாடகர் தாளில் பக்கம் திருப்புவது கேட்கிறது. பதிவு மோசமாக இருந்தால் மோசம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறது, நான் சிறுவயதில் உயிராகக் கேட்ட பாட்டுகளில் பாதியை அது அப்படித்தான் சொல்கிறது. நான் உட்கார்ந்து கேட்கிறேன். அவ்வளவுதான் எனக்கு வேலை. எழுந்து போய் எதையும் செய்ய இடமில்லை. அம்மா புள்ளி, அப்பா மூன்று மணி, எங்கள் கடைசி வரை என்று ஒரே பாட்டு வீட்டுக்குள் நாலு பாட்டாக இருந்தது இங்கே இல்லை. என் மகளுக்கு அப்பாவின் செட் என்பது தொடக்கூடாத ஒரு சாமான்.

போன வருஷம் மழைக்காலத்தில் அத்தை வந்து சில வாரம் எங்களோடு இருந்தார். மாமா இல்லை; லயத்து வீட்டை விட்டாகிவிட்டது. பகலில் எல்லோரும் வெளியே போன பிறகு பாட்டுக் கேட்கட்டும் என்று ரிமோட்டைக் காட்டிக்கொடுத்தேன். சாயந்திரம் கேட்டேன், எப்படி இருந்தது என்று.

"பாட்டு நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஆனா என்ன சொல்லிப் பாடறாங்கன்னே தெரியறதில்ல."

மழைக்கு நான் சன்னலைச் சாத்தியிருந்தேன். கண்ணாடி இரட்டைக் கண்ணாடி, உள்ளே ஒரு சத்தம் வராது. மழை இப்போது அத்தையின் காதுக்குள் இருக்கிறது. வயதானால் முதலில் போவது மேல் ஸ்தாயிதான். அதோடு உரசல் எழுத்துகளும் போகும். அவர் எழுந்து செட்டுக்குப் பக்கத்தில் போய், முகப்பில் வலப்பக்கமாகக் கையால் தடவினார். வழவழவென்று அலுமினியம். "திருகு எங்க சாமி?" என்றார்.

செல்போன் செயலியில் ஒரு ஈகுவலைசர் புதைந்து கிடக்கிறது. மூன்று திரை தாண்டிப் போய் மேல் பகுதியைத் தூக்கிவிட்டேன். அத்தைக்கு முகம் மலர்ந்தது, கூடவே பாட ஆரம்பித்துவிட்டார். மகள் வந்து, "அப்பா, ரொம்பக் கூசுது" என்று காதைப் பொத்தினாள். இரண்டு பேருக்கும் நியாயம் இருக்கிறது, ஆனால் செயலி என் செல்போனில் இருக்கிறது, செல்போன் காலையில் என்னோடு ஆபீசுக்குப் போய்விடும்.

ஆக, பேக்ஸன்டாலிடமே போனேன். பேஸ், ட்ரெபிள் இரண்டும் உள்ள ப்ரீஆம்ப் போர்டு இன்றைக்கும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. எழுபது வருஷத்துக்கு முந்தைய சர்க்யூட்தான், ஐசி மட்டும் புதுசு. ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் அதைச் செருகப் போகிறேன் என்று நண்பர்களிடம் சொன்னபோது ஒருவர் ஒன்றும் பேசாமல் காபியை முடித்துவிட்டுக் கிளம்பினார். அத்தை ஐப்பசியில் திரும்பி வருவதாகச் சொல்லியிருக்கிறார். போர்டும் பெட்டியும் ஆகிவிட்டன. குமிழ்தான் இன்னும் அமையவில்லை. கடைகளில் காட்டுவதெல்லாம் சின்னதாக, வழுக்குகிற மாதிரி இருக்கிறது. எனக்கு வேண்டியது ஓரத்தில் வரிவரியாகப் பள்ளம் வெட்டிய, கை நிறைய வருகிற பழைய மாதிரிக் குமிழ். ஒன்று பெரிதாகவும் ஒன்று அதைவிடச் சிறிதாகவும் கிடைத்தால் நல்லது. அத்தைக்கு இப்போது எழுத்து தெரிவதில்லை, எது பேஸ், எது ட்ரெபிள் என்று விரலுக்குத் தெரிய வேண்டும்.